டுட்டோரியலில் வாய் அடைத்துப்போகிறதே!

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்தவள், இப்போது பல்கலைக்கழக முதலாண்டு. ஆங்கிலம் புரியும், எழுதவும் வரும். பிரசன்டேஷன் என்றால் முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்கிறேன். இரண்டாவது வரியிலேயே எல்லாம் மறந்து கை நடுங்குகிறது. மூன்று வாரத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்களைக் கவிழ்ப்பதே அந்த மனப்பாடம்தான். ஒரு சொல் நழுவினால் அடுத்த வரி வராது. சிரிப்பார்களோ என்ற கவலையும் அப்போதே தலைதூக்கும். சொல்லைத் தேட வேண்டிய மனம் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினால், தெரிந்த சொல்லும் நாவில் வராது. 1986-இல் மொழி கற்றலை ஆராய்ந்த ஹார்விட்ஸ் குழுவினர் வகுப்பறை மொழிப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். பேசத் தயக்கம், தேர்வுப் பயம், பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றையும் பேசினார்கள். உங்கள் கடிதத்தில் தெரிவது மூன்றாவது.

ஓர் அட்டையில் ஆறு குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதுங்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும், போதும். குறிப்பைத் தமிழில் எழுதி மொழிபெயர்க்க வேண்டாம். நமக்கு வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். அதனால் பாதி வாக்கியத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

பிறகு 4-3-2 பயிற்சி. ஒரு தோழியிடம் நான்கு நிமிடம் பேசுங்கள். அதே விஷயத்தை வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில், இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால் மனம் சொற்களைக் கவனிக்கும். பலர் தவறுவது இங்கேதான்: மூச்சுவிடாமல் ஓட்டுவார்கள். குறைய வேண்டியவை 'அம்', 'ஆ' என்ற இழுப்பும் ஒரே வாக்கியத்தை மறுபடி தொடங்குவதும். ஆள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பதியுங்கள். ஆனால் ஒருமுறைதான் கேட்க வேண்டும், ஒரு பிழையைத்தான் திருத்த வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டால் பயம்தான் வளரும்.

பேசும் நாள் காலை கோப்பி-ஓ (பாலில்லாக் காப்பி) வேண்டாம். காஃபின் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், அதையும் பயம் என்றே எடுத்துக்கொள்வீர்கள். உங்கள் முறைக்கு முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து தடவை. நடுவில் தடுமாறினால் 'லெட் மீ சே தட் அகெய்ன்' என்று சொல்லி அட்டையைப் பாருங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன், பேசப் பயந்து ஆங்கில வகுப்புக்கு மட்டம் போடுகிறான். கண்டிக்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: கண்டித்தால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். மட்டம் போட்ட அன்று கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த மட்டத்துக்குக் காரணம், ஐயா. முதல் வாரம் போய் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கட்டும். வகுப்பில் வாய் திறப்பது மூன்றாவது வாரத்தில், அதுவும் ஒரே வாக்கியம். சாப்பாட்டு மேசையில் அவன் ஆங்கிலத்தைத் திருத்தாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவில் அவனையே நேரம் வாங்கச் சொல்லுங்கள்.