எறும்பைக் கண்டதும் ஸ்பிரேயைத் தேடாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமையலறைச் சுவரோரமாகப் பொடிப்பொடியாக எறும்புகள் சாரைசாரையாக வருகின்றன. ஸ்பிரே அடித்தால் அன்றைக்குக் காணாமல் போகும், இரண்டு நாளில் வேறொரு மூலையிலிருந்து கிளம்பும். எந்த ஸ்பிரே நல்லது?

எந்த ஸ்பிரேயும் வேண்டாம் என்பதுதான் என் பதில். சுவரில் ஓடுகிறவை மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு, அதிலும் பெரும்பாலும் வயதான வேலைக்காரிகள் (ஆமாம், இரை தேடி வெளியே வருகிற எறும்புகள் எல்லாமே பெண்கள்தான்). ராணியும் முட்டைகளும் புழுக்களும் சுவர் வெடிப்புக்குள்ளோ தரைக்கடியிலோ பத்திரமாக இருக்கும்போது வெளியே நூறைக் கொன்று என்ன பயன்? அதைவிட மோசம் என்னவென்றால், வீட்டுக்குள் குடியேறும் சில பொடி எறும்புகளின் கூட்டத்தில் ராணி ஒன்றல்ல, பல. மருந்து பட்டுக் கூட்டம் கலைந்ததும் ஒரு ராணியும் கொஞ்சம் புழுக்களும் சில வேலைக்காரிகளும் தனியாகப் பிரிந்து போய் வேறு இடத்தில் குடித்தனம் தொடங்கிவிடும். வேறு மூலையிலிருந்து வருகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

அதனால் முதலில் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றை ஒட்டும் டேப்பில் பிடித்து வெள்ளைத் தாளில் ஒட்டி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். உடம்பு முழுக்க மஞ்சளும் பழுப்புமாக, 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது ஃபாரோ எறும்பாக இருக்கலாம்; ஆஸ்பத்திரிகளில் தொல்லை கொடுப்பதில் பெயர் வாங்கியது. தலை மட்டும் கறுத்து, வயிறும் காலும் கண்ணுக்கே தெரியாத அளவு வெளிறி இருந்தால் அது வேறு வகை. நான் சொன்ன பிரிந்துபோகும் வேலையில் இவை இரண்டுமே கெட்டிக்காரர்கள். வரிசையே இல்லாமல் நீளக் கால்களோடு இங்குமங்கும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடினால் அது இன்னொரு வகை, பெரும்பாலும் வெளியே மண்ணிலோ குப்பைக்கு அடியிலோ கூடு வைத்திருக்கும்.

அப்புறம் பாதையைப் பின்தொடருங்கள். வருகிறவற்றை விட்டுவிட்டு, திரும்பிப் போகிறவற்றைப் பாருங்கள். ஒரு அட்டைத் துண்டில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால், குடித்து வயிறு உப்பியவை நேராக வீட்டுக்குத்தான் போகும். இரவில் டார்ச்சோடு பார்த்தால் பகலில் கண்ணில் படாத பாதையும் தெரியும். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடம், ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, டைல்ஸ் இணைப்பு, இப்படி ஏதாவது ஒன்றில் போய் மறையும். அந்த ஓட்டையை உடனே அடைக்கத் தோன்றும், அடைக்காதீர்கள். அது உங்களுக்குத் தெரிந்த ஒரே வாசல், இரை (எறும்பு தின்னும் பண்டத்தில் மருந்து கலந்தது) வைக்க அதுதான் இடம்.

கேள்வி: போரிக் பவுடரைச் சர்க்கரையில் கலந்து வைத்தேன். முதல் நாள் சில எறும்புகள் அங்கேயே செத்துக் கிடந்தன, பிறகு ஒன்றுகூட அந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் வீட்டில் எறும்பு இருக்கிறது. ஏமாற்று வேலையா இது?

ஏமாற்று இல்லை, நீங்கள் மருந்தை அள்ளிப் போட்டுவிட்டீர்கள். இரையின் பக்கத்திலேயே எறும்பு செத்தால் அந்த இரை தோற்றுவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது அது பிழைத்து வீடு போய்ச் சேருவது.

எறும்புக்கு இரண்டு வயிறு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தனக்கு, இன்னொன்று கூட்டத்துக்கு. கூட்டத்துக்கான பையில் நிரப்பிக்கொண்டு போய், எதிர்ப்படுகிற எறும்பின் வாயோடு வாய் வைத்து ஊட்டும். அது இன்னொன்றுக்கு ஊட்டும். கடைசியில் புழுக்களுக்கும் ராணிக்கும் போகும். இந்தப் பந்தி நடக்கிற அளவுக்கு மருந்து மெதுவாக வேலை செய்ய வேண்டும். அதற்கு திரவ இரையில் போரிக் அமிலம் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது: கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, போரிக் பவுடர் அரை தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நன்றாகக் கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வையுங்கள். காய்ந்தால் மாற்றுங்கள்.

வைத்த அன்று எறும்பு இன்னும் அதிகமாக மொய்க்கும், பார்க்கவே பதறும், அந்த நேரத்தில் கை பரபரத்துத் துடைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். துடைக்காதீர்கள், ஸ்பிரேயும் வேண்டாம். சில நாளில் குறையத் தொடங்கும், பல ராணிகள் உள்ள கூட்டமென்றால் வாரக்கணக்கில் வைக்க வேண்டியிருக்கும். வேறு தின்பண்டம் கிடைக்கிற இடத்தில் இரைக்கு மவுசு இருக்காது என்பதால், அந்த நாட்களில் மேடையில் சிந்தியதையும் குப்பைத்தொட்டியையும் சுத்தமாக வைத்திருங்கள்.

சர்க்கரையைத் திரும்பியே பார்க்கவில்லையா? கூட்டில் புழுக்கள் நிறைய இருக்கும்போது புரதமும் கொழுப்பும்தான் தேடும். ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரும் ஒரு சொட்டு எண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதில் மொய்க்கிறதோ அந்த வகை இரையை வாங்குங்கள் அல்லது கலந்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் அசட்டை வேண்டாம். போரிக் பவுடர் விழுங்கினால் விஷம். குழந்தையும் வளர்ப்புப் பிராணியும் எட்டாத இடத்தில் வையுங்கள், கலக்கிய கரண்டி சமையலுக்குத் திரும்பக்கூடாது, பாட்டிலில் பெயர் எழுதுங்கள். சர்க்கரைத் தண்ணீர் போலவே இருக்கும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

கேள்வி: எறும்பு சாக்பீஸ், மஞ்சள்தூள், வினிகர், இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா? உலர்ந்த ரவையைத் தின்றால் எறும்பு வயிறு வெடித்துச் சாகும் என்கிறார்களே?

ரவைக் கதை சுத்தப் பொய். வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது, திரவத்தை மட்டும்தான் உறிஞ்சும். ரவையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழுக்களுக்குக் கொடுக்கும். அதாவது நீங்கள் அவற்றின் பிள்ளைகளை வளர்த்துவிடுகிறீர்கள்.

வினிகரும் சோப்புத் தண்ணீரும் எறும்பு போட்டு வைத்த வாசனைத் தடத்தை அழிக்கும், அவ்வளவுதான். வரிசை கலையும், கூடு அப்படியே இருக்கும். இரை வேலை முடிந்து எறும்பு நின்ற பிறகு பழைய பாதையைத் துடைக்க சோப்புத் தண்ணீரே போதும். மஞ்சள்தூள் மாதிரிப் பொடிகளைக் கோடு போட்டால் கொஞ்ச நேரம் தயங்கும், பிறகு சுற்றிக்கொண்டு போகும்.

சாக்பீஸ்தான் எனக்குப் பிடிக்காதது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி கலந்தவை உண்டு. பார்க்க எழுதுகிற சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் அது நுழையவே வேண்டாம்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் ஜன்னலோரம் இறகுகள் உதிர்ந்து கிடந்தன, சில பூச்சிகள் இறகோடு திரிந்தன. ஈசலா, இறகு முளைத்த எறும்பா?

அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி, ஏனென்றால் ஈசல் என்றால் கறையான். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும், முன்னிறகு பின்னிறகைவிடப் பெரியது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும், நான்கு இறகும் ஒரே நீளம். உதிர்ந்த இறகுகளை வரிசையாக வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சுவரிலோ மரச்சட்டத்திலோ மண் குழாய் போல ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கறையான், அதற்கு ஆள் கூப்பிடுங்கள். எறும்பென்றால், அது ராணிகளும் ஆண்களும் இணைசேரப் பறக்கிற நாள். வெளியிலிருந்து ஒன்றிரண்டு வந்தால் பெருக்கித் தள்ளுங்கள். ஆனால் வீட்டுக்குள் சுவரிலிருந்தே கூட்டமாகக் கிளம்பினால் உள்ளே வளர்ந்த கூடு ஒன்று இருக்கிறது.

கேள்வி: கதவு நிலைக்குக் கீழே தினமும் மரத்தூள் சேர்கிறது, பக்கத்தில் பெரிய கறுப்பு எறும்புகள். மரத்தைத் தின்கிறதா?

தின்னாது, குடைந்து குடியிருக்கும். தூளை வெளியே கொட்டிவிடும், அதுதான் நீங்கள் பெருக்குவது. அதில் பூச்சிகளின் கால், இறகுத் துண்டுகளும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். இவை பெரும்பாலும் ஈரத்தில் ஊறி இளகிய மரத்தைத்தான் தேடி வரும். எனவே மருந்துக்கு முன்னால் ஒழுகுகிற குழாய், மழைநீர் இறங்குகிற ஜன்னல் மேல்பகுதி ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். நிலையைக் கத்தி நுனியால் குத்திப் பார்த்து மெத்தென்று இறங்கினால் மரத்தை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஸ்விட்ச் போர்டுக்குள் எறும்பு போகிறது. உள்ளே ஸ்பிரே அடிக்கலாமா?

கூடவே கூடாது. ஷார்ட் ஆகும், தீப்பிடிக்கவும் செய்யலாம். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து சுத்தம் செய்யுங்கள். திரவ இரையையும் போர்டுக்குள் வைக்க வேண்டாம், போகிற பாதையில் வெளியே வையுங்கள்.

கேள்வி: தொட்டிச் செடிகளில் எறும்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. செடியைத் தின்கிறதா?

இலைகளைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை விடுகிற இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு ஏறுகிறது, பதிலுக்கு அவற்றைத் தின்ன வருகிற பூச்சிகளையும் விரட்டிக் காவல் காக்கிறது. அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே உதிர்க்கலாம், மாவுப்பூச்சியை மென்மையான சோப்புக் கரைசலால் துடையுங்கள். தொட்டியை நாலைந்து நாள் தண்ணீர்த் தட்டின் நடுவே ஏற்றி வைத்தால் எறும்பும் ஏறாது. தொட்டி மண்ணிலேயே கூடு இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை விளிம்புவரை முக்கி எடுங்கள், கிளம்பிவிடும்.

கேள்வி: வாசலில் மண் குவியலாகக் கடிக்கிற செவ்வெறும்புகள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். பையன் காலில் கடித்த இடத்தில் கொப்புளம் வந்திருக்கிறது.

முதலில் பையன். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

கொதிநீர் சில நேரம் வேலை செய்யும், ஆனால் ராணி ஆழத்தில் இருந்தால் தப்பிவிடும், சுற்றியுள்ள செடி சாகும், தூக்கிக்கொண்டு போகிறவர் காலிலும் கொட்டும். நான் எண்ணெய் பூசிய குருணை இரையைத்தான் சொல்வேன். மண் காய்ந்திருக்கும்போது, மழைக்கு வாய்ப்பில்லாத நாளில், குவியலைக் கிளறாமல் சுற்றித் தூவுங்கள். குவியல் கலைந்தால் இரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் காலில்தான் ஏறும். மேலே கொட்டவும் வேண்டாம், ஓரடி இரண்டடி தள்ளிப் போட்டால் அவையே எடுத்துப் போகும்.