விதானையாரிடமா, கோட்டுக்கா?

போன இதழில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதம் மாதம் தருகிற அஸ்வெசும காசு பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு, பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்ன தருகிறது, அதை எங்கே போய்க் கேட்பது என்று கடிதமும் வட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் கேள்வியை விட விதானையார் (கிராம உத்தியோகத்தர்) மீதான கோபம்தான் கூட. அதை வெட்டிவிட்டுக் கேள்விகளை மட்டும் போடுகிறேன்.

*கணவர் மேசன் வேலை. அஸ்வெசுமவில் மாதம் 10,000 ரூபா வருகிறது. மூன்றாவது பிள்ளை பிறந்து நாலு மாதம். பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாகக் காசு உண்டு என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொல்கிறார். எங்களுக்கு ஏன் ஒரு சதமும் கூடவில்லை?*
வாசகி, கோப்பாய்

தங்கச்சி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு லண்டனிலோ கனடாவிலோ ஆட்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள். இங்கே அஸ்வெசும குடும்பத்துக்குக் கொடுக்கிற காசு, பிள்ளைக்கு அல்ல. சமுர்த்தி நிவாரணம் இருந்த இடத்துக்கு 2023 ஜூலையில் இது வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகளில் 22 விஷயங்களைப் பார்த்துப் புள்ளி போட்டு, குடும்பங்களை நாலு படியாகப் பிரித்தார்கள். நீங்கள் ‘வறியவர்’ படியில் இருக்கிறீர்கள். முதலில் 8,500 ஆக இருந்து 2025 ஜனவரியில் 10,000 ஆனது அந்தப் படிதான். ‘மிக வறியவர்’ படிக்கு 15,000 கொடுத்ததை 17,500 ஆக்கினார்கள். பிள்ளை பிறந்தவுடன் தானாக ஏறுகிற கணக்கு இதில் இல்லை.

அதற்காகப் பிள்ளையின் பெயரைப் பதியாமல் விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களில் பள்ளிக்கூடம் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குள் வருகிறது. திரும்பத் தகவல் புதுப்பிக்க வரும்போது கடதாசியில் இல்லாத பிள்ளை அவர்களுக்கு வீட்டிலும் இல்லை. 2025இல் அஸ்வெசும குடும்பங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி, புத்தகம் வாங்க ஆளுக்கு 6,000 ரூபா கொடுத்தார்களே, அப்படி இடையில் வருகிற உதவிகளும் இதே பதிவைப் பார்த்துத்தான் வருகின்றன. ஆகவே பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போங்கள். விதானையாரிடமும் சொல்லி வையுங்கள், ஆனால் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். கொடுத்த கடிதத்தின் கொப்பியில் திகதியோடு ஒரு ஒப்பம் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வருஷம் “நீங்கள் தரவே இல்லையே” என்பார்கள், உங்களுக்கும் வாயடைத்துப் போகும்.

பிறப்பைப் பதிய 42 நாள் தவணை. நாலு மாதமாகியும் நீங்கள் பதியவில்லை என்றால் (கடிதத்தில் அதைச் சொல்லவில்லை) அது காலங்கடந்த பதிவு, மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் சத்தியக் கூற்றோடு போகவேண்டும், அலைச்சல் கூட. எழுத்துப் பிழையையும் அங்கேயே நின்று பாருங்கள். என் தங்கச்சியின் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ‘ச’, கிளினிக் அட்டையில் ‘ஷ’. அந்த ஒரு எழுத்துக்காக ஒரு அலுவலகம் எங்களை நாலு தரம் திருப்பி அனுப்பியது. நாலாவது தரம் போனபோது அந்தக் கதிரையில் இருந்தவர் மாறியிருந்தார், புதியவர் முதலில் இருந்து தொடங்கச் சொன்னார். பிள்ளை இப்போது ஓ/எல் எடுக்கிறாள், அந்த ‘ஷ’ இன்னும் எங்கள் வீட்டுப் பகிடி.

*மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கொழும்பில் கணவரோடு இருந்து அங்கேதான் கிளினிக்கில் பதிந்தவள். முதல் பிள்ளைப்பேறு என்பதால் இங்கே கூட்டிவந்துவிட்டோம். கர்ப்பிணிகளுக்கு ஏதோ காசு கொடுக்கிறார்களாம், எங்களுக்கு அஸ்வெசும இல்லை, கிடைக்குமா?*
தாய் ஒருவர், பருத்தித்துறை

அம்மா, இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு அஸ்வெசுமவோடு சேராத தனித் திட்டம். மாதம் 4,500 ரூபாப்படி 10 மாதத்துக்கு, மொத்தம் 45,000. இதற்குச் சாவி உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது நாம் மருத்துவிச்சி என்கிற பிள்ளை. அவரிடம் பதியாத கர்ப்பத்துக்கு ஒரு மேசையிலும் பதில் இல்லை. மகளின் கொழும்புக் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போய், இங்கே மாற்றிப் பதியச் சொல்லுங்கள். அங்கே ஏற்கெனவே ஏதும் வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பேறுகாலம் கிட்டிய பிறகு ஓடினால் மிச்ச மாதங்கள்தான் மிஞ்சும். திரிபோஷா சத்துமாவும் அதே கிளினிக்கில் இலவசம். மகளுக்குப் பிடிக்காது என்று கோழிக்குப் போடவேண்டாம், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டிக் கொடுத்துப் பாருங்கள்.

*கணவர் அரச உத்தியோகம். இரண்டு வருஷத்துக்கு முதல் எங்களை விட்டுப் போய் வவுனியாவில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் பதினேழும். ஒரு சதமும் அனுப்புவதில்லை. உதவிக்குப் பதியப் போனால் ‘அவருக்குச் சம்பளம் இருக்கே’ என்கிறார்கள், அவரிடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் விவாகரத்து எடுக்கவேண்டும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள்.*
வாசகி, மானிப்பாய்

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சொந்தக்காரர் சொன்னதை இந்தக் காதால் கேட்டு மற்றக் காதால் விட்டுவிடுங்கள். தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவுக் காசு, கேட்க விவாகரத்து தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. கலியாணம் எழுதாமல் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தகப்பனிடம் கேட்கலாம் என்றால், எழுதிய உங்களுக்கு என்ன தயக்கம்? நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடவேண்டும். அவர் இருக்கிற வவுனியாவுக்கு நீங்கள் பஸ் ஏறத் தேவையில்லை, நீங்கள் வசிக்கிற இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம்.

கோட்டுக்குப் போவது என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு நடுக்கம். ஊர் என்ன சொல்லும், பிள்ளைகளின் கலியாணம் என்னாகும் என்று அம்மாமார் பத்து வருஷம் பொறுத்து, தையல் மெசினை மிதித்து மிதித்துக் காலை நோகடித்துக்கொண்டு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஊர் சப்பாத்து வாங்கித் தராது. கேட்கிற காசும் உங்களுக்கு அல்ல, பிள்ளைக்கு.

இன்றிரவே ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுங்கள். இடதுபக்கம் மூத்தவர், வலதுபக்கம் இளையவர். ரியூஷன் காசு பாடம் பாடமாக, பஸ் சீசன், வெள்ளைச் சேட்டு எத்தனை, சப்பாத்து எந்த மாதம் கிழிந்தது, காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் கொடுத்தது, ஒரு நாள் பாண், பால்மா. சின்னத் துண்டுச் சிட்டையையும் ஒட்டுங்கள். ‘மாதம் ஐம்பதாயிரம் வேணும்’ என்று வெறுமனே சொல்கிறவரையும், இந்தக் கொப்பியை நீட்டுகிறவரையும் நீதவான் ஒரே மாதிரிப் பார்க்கமாட்டார். கணவருடைய வருமானமும் வழக்கில் வரும். சம்பளக்காரர் என்பதுதான் இதில் உங்களுக்கு வாய்த்த ஒரே நல்ல விஷயம், ஏனென்றால் கட்டளைக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் சம்பளத்திலேயே பிடித்து அனுப்ப நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கும் மிஞ்சி ஏமாற்றினால் மறியலுக்கு (சிறைக்கு) போகவும் இடமிருக்கிறது. கூலி வேலைக்காரரைப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம்.

மூத்தவருக்குப் பதினேழு என்பதால் சுணங்கவேண்டாம். பதினெட்டு வயது வரைதான் ‘பிள்ளை’ என்ற கணக்கு. அதற்குப் பிறகு 25 வயது வரையும் தன்னால் சமாளிக்க முடியாதவர் என்றால் கேட்க வழி உண்டு, ஆனால் அது வேறு வாதம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே வழக்குப் பேச ஆள் தருவார்கள்.

உதவிப் பதிவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு வருஷமாக இல்லாத மனிதரின் பெயர் உங்கள் குடும்பப் பட்டியலில் இன்னும் இருக்கிறது போலும், அதனால்தான் ‘சம்பளம் இருக்கே’ என்கிறார்கள். அவர் பிரிந்து போய்விட்டார், நீங்கள்தான் குடும்பத் தலைவி என்று விதானையாரிடம் உறுதிப்படுத்திய கடிதம் வாங்கி, அதை வைத்து மேன்முறையீடு செய்யுங்கள். தாபரிப்பு வழக்கு இலக்கமும் கையில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு இன்னும் பலம்.

*மகன் கடலில் இறந்துவிட்டான், மருமகள் குவைத்தில். இரண்டு பேரப்பிள்ளைகளும் என்னோடு. எனக்கு எழுபத்திரண்டு வயது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.*
ஆச்சி ஒருவருக்காக எழுதியவர், வேலணை

ஆச்சிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது நல்ல காரியம். அவருக்காகக் கச்சேரிப் பக்கமும் நீங்கள்தான் நடக்கவேண்டி வரும். பழைய ஆட்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என்கிற மாதாந்தப் பொதுசன உதவிப்பணம் ஒன்று இருக்கிறது, சமூக சேவைப் பகுதியால் வருவது. பெயரைக் கேட்டே பலர் வாங்க வெட்கப்படுகிறார்கள், பெயர் வைத்தது சனம், காசு அரசாங்கத்தினது, வாங்குங்கள். தொகை சிறிதுதான். அதைவிட ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டதால் வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவைக் கேளுங்கள். 2025இல் அதை 3,000இல் இருந்து 5,000 ஆக்கினார்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்குப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். அவரிடமும், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புப் பகுதியிடமும் சொல்லுங்கள். பெற்றோரின் துணை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு புரவலரைப் பிடித்து மாதம் மாதம் உதவி போடுகிற ‘செவன சரண’ திட்டம் அந்தத் திணைக்களத்தின் கீழ்தான் வருகிறது. மகனின் மரணச் சான்றிதழ், மருமகளின் கடவுச்சீட்டுக் கொப்பி, பிள்ளைகள் ஆச்சியோடுதான் இருக்கிறார்கள் என்று விதானையார் தருகிற கடிதம், பள்ளிக்கூட அதிபரின் கடிதம் ஒன்று, எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மருமகள் காசு அனுப்புகிறார் என்றால் எவ்வளவு என்று உள்ளதைச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டாலும் சொல்லுங்கள். தீவுப்பகுதியில் இருந்து வந்து ஒரு கடதாசி குறைந்தால் அன்றைய நாளே போய்விடும்.

மூத்தவர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுக்கிற வயதா என்று எழுதவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து, குடும்ப வருமானமும் குறைவு என்றால் மாதாமாதம் வருகிற புலமைப்பரிசில் காசை 750இல் இருந்து 1,500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். பிள்ளை படிக்கட்டும்.

*லண்டனில் இருக்கிற தம்பி, மகளை ஒரு வருஷம் எங்களோடு விட்டிருக்கிறார், தமிழ் பழகட்டுமாம். அங்கே பிள்ளையின் பேரில் ‘சைல்ட் பெனிபிற்’ இன்னும் வருகிறதாம். பரவாயில்லையா?*
வாசகர், நல்லூர்

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். அது பிரித்தானியாவில் வாழ்கிற பிள்ளைக்கான காசு. முதல் பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05 பவுண், அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு 17.25, இது 2025 ஏப்ரலில் வந்த கணக்கு. விடுமுறைக்கு வந்துபோகிற மாதிரிக் கொஞ்சக் காலம் வெளியே இருந்தால் 12 கிழமை வரை விடுவார்கள், ஒரு வருஷம் என்பது அதற்குள் அடங்காது. அறிவிக்காமல் எடுத்த காசைப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லுவார்கள், தண்டமும் சேரலாம். பிள்ளை திரும்பிப் போனதும் புதிதாக விண்ணப்பிக்கலாம், மூன்று மாதம் வரை பின்னோக்கியும் தருவார்கள், ஆனால் அது பிள்ளை அங்கே இருந்த நாட்களுக்குத்தான். தம்பிக்கு இன்றிரவே போன் எடுங்கள். கோபித்தால் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு என்னைச் சாட்டுங்கள்.