கேள்வி நேரம்: நான்கு, மூன்று, இரண்டு ஏன் விழுகிறது?

கேள்வி: மூன்று பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தையில் 4, 2, 3 என்ற வரிசை நடக்கும், 4, 3, 2 நடக்காது என்கிறார்கள். இரண்டிலும் சராசரி மூன்றுதானே?
– கணித ஆசிரியை, தக்கலை

பதில்: எண்களின் சராசரிதான் பந்துகளின் எண்ணிக்கை; அது முழு எண்ணாக வருவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. கைகள் மாறி மாறி, தாளத்துக்கு ஒரு பந்தாக எறிகின்றன. எறிந்த பந்து எத்தனை தாளம் கழித்து மீண்டும் எறியப்படும் என்பதையே ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. 4, 3, 2 வரிசையில் 0, 1, 2 ஆகிய தாளங்களில் எறியப்படும் மூன்று பந்துகளும் நான்காவது தாளத்தில், ஒரே கையில், ஒன்றாக வந்து விழும். 4, 2, 3 வரிசையில் அவை 4, 3, 5 ஆகிய தாளங்களில் தனித்தனியே இறங்குகின்றன. வடசேரிச் சந்தையில் மூன்று எலுமிச்சம்பழம் வாங்கி மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். கரும்பலகையைவிட அது வேகமாகப் புரியவைக்கும்.

இதைவிட அழகானது எண்ணிக்கை. பூலர், ஐசன்பட், கிரஹாம், ரைட் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, b பந்துகளுக்கு n எண்கள் நீளமுள்ள, நடக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை (b+1)ⁿ − bⁿ. (கிரஹாம் தாமே தேர்ந்த பந்து வித்தைக்காரர்.) மூன்று பந்து, மூன்று நீளம் என்றால் 64 − 27 = 37. தொடங்கும் இடம் மட்டும் மாறுபவற்றை ஒன்றாகக் கொண்டால், 3, 3, 3 தனித்து நிற்க, மற்ற 36 வரிசைகள் மும்மூன்றாகச் சேர்ந்து 12 ஆகி, மொத்தம் 13 வித்தைகளே மிஞ்சும்.