பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பிரித்துக் கட்டி டியூன் செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறார். கதவுக்குக் கீழே துரு. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் ஐடிலிங் (ஆக்சலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரண்டு கார்பரேட்டர்களையும் எவ்வளவு திருகிப் பார்த்தும் சரியாகவில்லையாம். இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிட முடியுமா என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். நானும் என் எம்ஜிபியை வீட்டு ஷெட்டில் வைத்துத்தான் கட்டினேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இப்போதைக்கு கார்பரேட்டரைத் தொடாதீர்கள். அதன் முறை கடைசியில்தான் வரும்.

முதல் காராக இதைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. அதனால் பெரும்பாலான உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. 1798 சிசி இன்ஜினில் சாதாரண ஸ்பேனர் செட்டுக்கு எட்டாத இடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது.

பாடி விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை என்பதால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. துருப்பிடித்த சில்லை அப்படியே வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு இடைவெளியின் மேல்பக்கம் சுருங்கிவிடும். அப்புறம் கதவு மூடவே மூடாது. வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து முட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள். புதுச் சில்லை முழுதாகப் பற்றவைக்கும் முன் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். வெல்டிங் பழகாதவர் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதில் எந்தக் குறையும் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைப் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால் வால்வையோ ரிங்கையோ கேஸ்கெட்டையோ கவனிக்காமல் எந்த டியூனிங்கும் பலிக்காது.

அடுத்து வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்து. இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. எட்டு வால்வுகள், எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், இப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு கிடைக்கும். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது, ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ராக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போலப் படுத்துக்கொண்டு சரியான அளவு என்று காட்டும். உண்மையான இடைவெளி அதிகமாக இருக்கும், டக்டக் சத்தமும் போகாது. அப்படியானால் ராக்கரைக் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள்.

அப்புறம் இக்னிஷன், அதாவது தீப்பொறி அமைப்பு. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், தீப்பொறி வரிசை 1-3-4-2. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், டைமிங் லைட்டில் (தீப்பொறி நேரத்தைக் காட்டும் விளக்கு) குறி ஓரிடத்தில் நிற்காது. தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிடிப்பு விட்டுப்போனால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். கார்பரேட்டர் கோளாறு என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் பாதிக்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் வண்டியின் எஸ்யூ வகை கார்பரேட்டர்கள். இந்த அமைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. காற்று எவ்வளவு போகிறதோ அதற்கேற்ப கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஏறுகிறது. அதோடு கூம்பிய ஊசியும் ஜெட்டிலிருந்து ஏறி, தேவையான அளவு பெட்ரோலை விடுகிறது. பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு இறங்க வேண்டும். காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் தண்டு அதன் துளையில் தேய்ந்து ஆடினால் அந்த வழியே காற்று புகுந்துகொண்டே இருக்கும். உங்கள் ஐடிலிங் நிற்காததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தண்டும் புஷ்ஷும் மாற்றினால்தான் தீரும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்பரேட்டர்களையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு துண்டு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே சுருதியில் வரும்வரை ஐடிலிங் ஸ்குரூக்களைத் திருப்புங்கள். பிறகு மிக்ஸ்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம். ஜெட்டுக்குக் கீழுள்ள அறுகோண நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவுதான் திருப்ப வேண்டும். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெதுவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே விழுந்தால் குறைவு. லேசாக ஏறி, பழைய வேகத்துக்கே திரும்பினால் சரி. ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் 2500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு இன்ஜினைத் தெளியவைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக கிளாம்பை இறுக்கி, இரண்டு த்ராட்டிலும் ஒன்றாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

வெபர் என்ற வேறு வகை கார்பரேட்டர் மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்டாண்டர்டு இன்ஜினுக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் முதலில் பெட்ரோல் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். எஸ்யூ கார்பரேட்டர்களுக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது, அங்கே ஒரு கசிவு போதும் தீப்பிடிக்க. ஹோஸ் மேல் எத்தனாலைத் தாங்கும் ரகத்தைக் குறிக்கும் ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.