மருத்துவ சீட்டுக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை வடகென்யாவின் சம்புரு போய் வாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நைரோபியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் மூன்று பக்கம். அதில் கோவையில் இருக்கும் உங்கள் அண்ணன் ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். உங்கள் மகள் மொத்தமே நான்கு வரிதான் வருகிறாள். "ஒட்டகச்சிவிங்கிகளைக் காப்பாற்றப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், வயதுக் கோளாறு, தானாகப் போய்விடும் என்று நான் எழுதினால் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள். அப்படி எழுத எனக்கு மனமில்லை.

ஏனென்றால் நீங்களே போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று விடுமுறைகளாக அவள் கணினி முன் உட்கார்ந்து, வடகென்யாவின் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது ஒட்டகச்சிவிங்கி, இது வரிக்குதிரை, இது காற்றில் ஆடிய புல் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறாள். கூலி கிடையாது, சான்றிதழும் கிடையாது. அந்தப் படங்களில் ஆடும் புல்தான் அதிகம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சலிப்பை மூன்று விடுமுறை தாங்கிய பிள்ளையை நான் விளையாட்டுப் பிள்ளை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் அண்ணன். நீட் மதிப்பெண் சுமாராக இருந்தாலும் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அந்த இடத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். நாலரை ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, அதன் பின் மேற்படிப்பு இல்லாவிட்டால் மதிப்பில்லை என்று அதே அண்ணன் மறுபடி தொடங்குவார். உங்கள் கணவர் கணக்காளர்தானே, அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் வீட்டை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கக் கூடாது. விருப்பமில்லாத பிள்ளையின் பெயரில் வீட்டை விற்பது படிப்புச் செலவு அல்ல, சூதாட்டம். கல்யாண வீட்டில் "மகள் டாக்டர்" என்று சொல்லிக்கொள்ள அண்ணனுக்கு ஆசை என்றால் அதற்கான பணத்தை அவர் கட்டட்டும்.

அண்ணனின் இன்னொரு கேள்வி நியாயமானது: அப்படி என்ன வேலை அது? காட்டில் விலங்கோடு கொஞ்சிக்கொண்டிருப்பதா? மகளும் பாதி அப்படித்தான் நினைக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதனால் இதை இரண்டு பேருமே படிக்க வேண்டும்.

கென்யாவின் பரிங்கோ ஏரிக்கரையில் ருகோ என்றொரு காப்பகம் இருக்கிறது. கன்சர்வன்சி என்று நீங்கள் நைரோபியில் கேள்விப்பட்டிருப்பீர்களே, ஊர்மக்கள் நடத்துவது, அந்த வகை. நடத்துபவர்கள் போக்கோட், இல் சாமுஸ் என்ற இரண்டு சமூகத்தார். ஆடுமாடு கவர்ந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். 2011-இல் எட்டு ஒட்டகச்சிவிங்கிகள் அங்கே கொண்டுவரப்பட்டன. பிறகு ஏரி பெருகிப் பெருகி, அவை மேய்ந்த நிலம் தீவாகிவிட்டது. தீனி தீர்ந்தது. இரண்டு சமூகத்துக் காவலர்களும் படகில் தீனி ஏற்றிப் போய்க் கொடுத்தார்கள். கடைசியில் காலி டிரம்களின் மேல் இரும்புச் சட்டம் பொருத்தி ஒரு தெப்பம் கட்டினார்கள். 2020 டிசம்பரில் முதல் ஒட்டகச்சிவிங்கி கரை சேர்ந்தது, 2021 ஏப்ரலில் கடைசியாக ஒரு தாயும் குட்டியும். மொத்தம் ஒன்பது. மயக்க ஊசி போடுவது ஒட்டகச்சிவிங்கிக்கு ஆபத்து. அவ்வளவு நீளக் கழுத்தோடு அது விழுந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை. அதனால் பல நாள் தீனி காட்டி, தெப்பத்துக்குப் பழக்க வேண்டியிருந்தது. இந்த வேலையில் விலங்கைத் தொட்ட நேரம் எவ்வளவு, பகையாளிகள் இரண்டு பேரை ஒரே படகில் உட்கார வைத்த நேரம் எவ்வளவு என்று மகளை யோசிக்கச் சொல்லுங்கள்.

நைஜரில் கூரே என்ற ஊரைச் சுற்றி இருப்பவை மேற்கு ஆப்பிரிக்காவின் கடைசி ஒட்டகச்சிவிங்கிகள். 1996-இல் 49 மட்டுமே எஞ்சின. இன்று 600-க்கு மேல். வேலி போட்ட சரணாலயம் அல்ல அது. விவசாயிகளின் கம்பங்கொல்லைக்கு நடுவே அவை நடக்கின்றன. பயிரை மேய்ந்தால் ஊர்க்காரன் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ள அவனுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். அதற்கு வழி செய்வதும் இந்த வேலைதான்.

இனி, நீங்களும் அண்ணனும் பெயர்கூடக் கேட்டிராத வழி. உங்கள் மகள் பார்த்த படங்கள் எங்கிருந்து வந்தன என்று அவளைக் கேளுங்கள். லொய்சாபா, நமுன்யாக் என்று இரண்டு இடங்களைச் சொல்வாள். அங்கே 2016 முதல் "ட்விகா வலின்ஸி" என்ற குழு இயங்குகிறது. ஸ்வாஹிலியில் ஒட்டகச்சிவிங்கிக் காவலர்கள் என்று பொருள். பெரும்பாலும் அந்தப் பகுதிச் சம்புரு மக்கள், பெண்களும் உண்டு. ஒவ்வொரு விலங்கின் உடல் வலைக்கோலமும் நம் கைரேகை போல, சாகும் வரை மாறாது. அதைப் படமெடுத்து, எது எங்கே போகிறது, எந்தக் குட்டி பிழைத்தது என்று பதிவு செய்கிறார்கள். மேய்ப்பர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். கம்பிக் கண்ணிகள் தென்பட்டால் அகற்றுகிறார்கள். அங்கே வாழும் வலைப்பின்னல் ஒட்டகச்சிவிங்கி சுமார் 30 ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்து, 2018-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அந்தக் காவலர் வேலை உங்கள் மகளுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அது அந்த மண்ணில் மாடு மேய்த்தவர்களுடையது. அவளுக்கு உரிய இடம் பக்கத்தில் இருக்கிறது: படங்களையும் எண்ணிக்கையையும் வரைபடமாக்குவது, நிதி கொடுத்தவருக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் ஒரே கணக்கைக் காட்டுவது, அரசு அலுவலகத்தில் காகிதம் நகர்த்துவது. அப்பா கணக்காளர் என்பது குறையே அல்ல.

அதற்குப் படிக்க லண்டன் போக வேண்டாம். கிளிமஞ்சாரோ அடிவாரத்தில், தான்சானியாவின் மோஷி நகருக்கு மேலே, ம்வேக்கா என்ற ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. 1963-இல் தொடங்கியது, ஆப்பிரிக்க வனவிலங்கு மேலாண்மைக்கென்றே ஏற்பட்டது. கண்டத்தின் பல நாடுகளிலிருந்து வனத்துறை ஆட்கள் வந்து படித்துப் போயிருக்கிறார்கள். சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று படிப்படியாக ஏறலாம். பாடம் ஆங்கிலத்தில். களப்பயிற்சிக்குப் பேர்போன இடம்: மாணவர்கள் தேசியப் பூங்காக்களில் கூடாரம் அடித்துத் தங்கி விலங்கு எண்ணக் கற்கிறார்கள். சகபாடிகளில் சிலர் நாளைக்கு ஏதோ ஒரு பூங்காவின் அதிகாரிகள். உங்கள் மகளுக்குக் கென்யக் குடியுரிமை இருப்பதால் திரும்பி வந்து வேலை செய்ய அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டாம். மோஷிக்கு நைரோபியிலிருந்து பஸ் இருக்கிறது, காலையில் ஏறினால் மாலைக்குள் சேரலாம். கோவை விமானத்தைவிடப் பக்கம். கட்டணத்தைக் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். முகவர் யாரும் வேண்டாம்.

டிப்ளமோவில் தொடங்கச் சொல்வேன். ஓராண்டு சேறும் உண்ணியும் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் பட்டத்துக்குப் போகட்டும்.

இரண்டு விஷயத்தில் நான் கறார். "இரண்டு வாரம் ஒட்டகச்சிவிங்கியோடு" என்று டாலரில் பணம் கேட்டு வரும் தன்னார்வச் சுற்றுலாவுக்கு ஒரு ஷில்லிங் கொடுக்காதீர்கள். அதில் கிடைப்பது புகைப்படம். அடுத்தது, மகளுக்கு: இந்தக் காப்பகங்கள் எல்லாம் புனிதம் என்று நம்பிப் போகாதே. 2025 ஜனவரியில் வடகென்யாவின் இசியோலோ நீதிமன்றம் இரண்டு கன்சர்வன்சிகள் சட்டப்படி அமைக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. ஊரைக் கேட்டார்களா, நிலம் யாருடையது என்பதே வழக்கின் அடிப்படை. இந்தக் கேள்வியை நீ வேலை தேடிப் போகும் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் சேராதே.

சம்பளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் குறைவுதான். பல வேலைகள் வெளிநாட்டு நிதியை நம்பி, ஓராண்டு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஓடுபவை. நிதி நின்றால் வேலையும் நிற்கும். வீட்டை விற்காமல் வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று பேரும் சம்புரு போய் வாருங்கள். விலங்கு பார்க்க ஒரு நாள் போதும். மீதி நாள் காப்பக அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஊர்க் கூட்டம் நடந்தால் மகள் பின்வரிசையில் உட்காரட்டும். புல்லுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் சண்டையை நான்கு மணி நேரம் கேட்டுவிட்டு வெளியே வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். ஸ்வாஹிலியில் எழுதினாலும் சரி, யாரையாவது வைத்துப் படித்துக்கொள்கிறேன்.