இரண்டு மின்புலத்தைக் கூட்டினால் விடை ஏன் தப்பாக வருகிறது?

பெங்களூரு அல்சூரில் இரண்டாம் பியூசி படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. ஏ என்ற இடத்தில் +5 நானோகூலூம் மின்னூட்டம் (நானோ என்றால் 10⁻⁹), அதற்கு வலப்பக்கம் 4 செ.மீ. தள்ளி பி-யில் −2 நானோகூலூம். பி-க்கு நேர் மேலே 3 செ.மீ. உயரத்தில் மின்புலம் (அங்கே வைக்கும் ஒரு கூலூம் மின்னூட்டத்தின் மேல் செயல்படும் விசை) எவ்வளவு? "எனக்கு −2,000 வருகிறது, புத்தகத்தில் சுமார் 17,000 என்று இருக்கிறது, எங்கே தப்பு?"

உங்கள் முதல் பாதி சரிதான். ஏ-யிலிருந்து அந்தப் புள்ளி 5 செ.மீ. தூரம், அதாவது 0.05 மீட்டர். 9×10⁹ என்ற கூலூம் மாறிலியை மின்னூட்டத்தால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 18,000 நியூட்டன்/கூலூம். பி-க்கு அதேபோல 20,000. செ.மீ.-ஐ மீட்டராக மாற்றாமல் விட்டால் விடை பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும், அதை நீங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

அப்புறம் 18,000-லிருந்து 20,000-ஐக் கழித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் வழுக்கியது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லையே! மின்புலம் ஒரு வெக்டர், அதாவது அளவோடு திசையும் உள்ளது, மைனஸ் குறிக்கு இங்கே ஒரே வேலைதான், அம்பு எந்தப் பக்கம் என்று சொல்வது. பிளஸ் என்றால் மின்னூட்டத்தை விட்டு விலகி, மைனஸ் என்றால் அதை நோக்கி. அம்பை வரைந்தபின் குறியை மறந்துவிட்டு அளவை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே குறியை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

ஏ-யின் அம்பு சாய்வாக மேலே வலப்பக்கம் போகிறது. கோணம் கண்டுபிடிக்கவே வேண்டாம், 3-4-5 முக்கோணம்தானே: காஸ் 4/5, சைன் 3/5. ஆக வலப்பக்கம் 14,400, மேலே 10,800. பி-யின் அம்பு நேர் கீழே 20,000. இப்போது கூட்டுங்கள்: வலப்பக்கம் 14,400, கீழே 9,200. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 17,090 நியூட்டன்/கூலூம், கிடைமட்டத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 32.6 பாகை. திசையை எழுதாமல் விட்டால் விடை பாதிதான், தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

மூன்று நான்கு மின்னூட்டம் இருந்தாலும் இதே வழிதான். ஆனால் கணக்கில் இறங்குவதற்கு முன் படத்தில் சமச்சீர் இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய உழைப்பு மிச்சமாகும். சதுரத்தின் நான்கு மூலையிலும் ஒரே மின்னூட்டம் இருந்தால் நடுவில் மின்புலம் பூஜ்யம். ஒன்றை எடுத்துவிட்டால்? எதிரெதிரே உள்ள ஜோடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மிஞ்சிய ஒன்றின் மின்புலத்தை மட்டும் போட்டால் போதும். அவை பிளஸ் மின்னூட்டங்கள் என்றால் திசை காலியான மூலையை நோக்கி.