ஆய்வு நடனம் என்பது வழக்கமான பரதநாட்டியத்திலிருந்து எதில் வேறுபடுகிறது?

வரலாற்றையும் இலக்கியத்தையும் ஆராய்ந்து அமைக்கும் நடனம் வழக்கமான நிகழ்ச்சியிலிருந்து எதில் வேறுபடுகிறது, யாழ்ப்பாணத்தில் அதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கொக்குவில் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒலிவாங்கியில் பத்து நிமிடம் விளக்கம் வாசித்துவிட்டு, பிறகு எப்போதும் ஆடும் வர்ணத்தையே (நிகழ்ச்சியின் நீண்ட மைய உருப்படி) ஆடினால் அதை நான் ஆய்வு என்று ஏற்பதில்லை. படித்தது காலையும் கையையும் மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது நல்லதொரு அறிவிப்பு, அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்குக்கு அளவு சொல்கிறது: 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், ஒரு கோல் உயரம், தளத்துக்கும் மேற்பலகைக்கும் இடையே 4 கோல். விரலை அங்குலமாகக் கொண்டால் 14 அடிக்கு 16 அடி, மேலே 8 அடி. இந்த அளவுகளைப் பரீட்சைக்காகப் பல ஆண்டுகள் மனனம் செய்வித்திருந்தும், ஒருநாள்தான் வெண்கட்டியால் அந்தக் கட்டத்தை வகுப்பு மண்டபத் தரையில் கீறி மூத்த மாணவியை ஆடச் சொன்னேன். முதல் ஜதி (தாளச் சொற்கட்டுக்கு ஆடும் பகுதி) முடியுமுன்பே இரண்டு தடவை கோட்டைத் தாண்டிவிட்டாள். பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று நாங்கள் அகட்டி வைத்த அடவுகள், அதாவது அடிப்படை ஆடல் அசைவுகள், அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அடிகளைக் குறுக்கினோம், குறுக்கக் குறுக்க, வேலை முழுவதும் கண்ணுக்கும் புருவத்துக்கும் ஏறியது. இதனால் மாதவியின் ஆடலையே மீட்டுவிட்டோம் என்று சொல்லமாட்டேன். இன்று நாம் ஆடும் மார்க்கம், அதாவது உருப்படிகளின் வரிசை, தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியது. மாதவிக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் கிடக்கிறது.

மாதவியை ஆட எங்களுக்குத் தயக்கமில்லை. தயக்கமெல்லாம் கனகியிடம்தான். 19ஆம் நூற்றாண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கணிகை அவள். அவளையும் அவளை நாடிப் போன ஊர்ப் பெரிய மனிதர்களையும் நையாண்டி செய்து, பெயரிலேயே நட்டுவத்தை (ஆடலைப் பயிற்றி நடத்தும் தொழிலை) சுமக்கும் நட்டுவச் சுப்பையனார் 'கனகி புராணம்' பாடினார். நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. கோயில்களில் நடந்த இத்தகைய ஆட்டத்தை ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். அந்த ஆட்டக் குழுவைக் குறித்த 'சின்னமேளம்' என்ற சொல்லே பிறகு இளக்காரமாயிற்று. அதே நடனம் 1930களில் சென்னையில் பரதநாட்டியம் என்ற பெயரோடு மதிப்பான வீடுகளுக்குள் நுழைந்து, கடல் கடந்து எங்களிடமும் வந்தபோது, நாங்கள் அதைத் தமிழரின் அடையாளம் என்று வரவேற்றோம். வண்ணார்பண்ணையில் ஏற்கெனவே ஆடியவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆய்வுக்கு வேலை இருக்கிறதென்றால் இங்கேதான் இருக்கிறது.

கனகியைப் பற்றி ஒரு நடனம் அமைத்தபோது நானும் இதில் தவறினேன். எஞ்சிய பாடல்களில் கனகி பேசுவதில்லை, அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதால், அவள் வாயில் நானே நான்கு வரிப் பதம் (அபிநயத்துக்கான பாட்டு) ஒன்றை எழுதி வைத்தேன். ஒத்திகை பார்க்க வந்த வயதான தமிழாசிரியர் ஒருவர், முடிந்ததும் கிட்ட வந்து, "பிள்ளை, அந்தப் பாட்டு எந்த ஏட்டில கிடந்தது?" என்று கேட்டார். நான் எழுதியது என்றேன். "அப்ப அதைச் சொல்லிப்போட்டு ஆடுங்கோ" என்றார். 1981இல் பொது நூலகத்தோடு ஏடுகளும் எரிந்துபோன ஊரில், இல்லாத ஒன்றைக் கிடைத்ததுபோலக் காட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போதுதான் உறைத்தது. (கற்பனை கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.)

பதத்தை எடுத்துவிட்டேன். இப்போது அவளைக் கேலி செய்யும் பாடலைப் பாடகர் முழுதும் பாடி முடிப்பார். மாணவி அசையாமல் பாடகரையே பார்த்து நிற்பாள். பிறகு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) மிருதங்கமும் சலங்கையும் மட்டும்.